இகுவானாவுக்கு எழுதிய வசனம்

தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார்களுக்கு வசனம் எழுதிப் பழகிய கை செங்கமலத்துடையது. ஒரு மாமியார் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூன்று பக்கம் எழுதிவிடுவாள். தொடர்களை இயந்திரங்களே எழுதத் தொடங்கிய பிறகு அந்தக் கை சும்மா கிடந்தது. அப்புறம் கிடைத்த வேலைதான் இது. இகுவானாக்களுக்கு வசனம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மதுரையில் அப்போது இகுவானா இல்லாத தெருவே கிடையாது. நாய் குரைக்கிறது, பூனை சோபாவைக் கிழிக்கிறது என்று அடுக்குமாடிச் சங்கங்கள் இரண்டையும் விரட்டிவிட்டன. இகுவானா கீரை தின்னும், சத்தம் போடாது, மாடத்தில் வைத்த பொம்மை போல உட்கார்ந்திருக்கும். நம் ஓணானுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகில் சீப்புப் பல் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், உடம்பைவிட நீளமான வால், மேலெல்லாம் பச்சை. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை" என்று கேலி பேசியவர்களே பிறகு கடைக்குப் போய் ஆளுக்கொன்று வாங்கிவந்தார்கள். ஒரே ஒரு குறைதான். அது என்ன நினைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் கணக்கு எழுத உட்கார்ந்தவர் மாதிரி, அதன் முகத்தில் எதுவும் ஓடாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது பேச்சுப்பட்டை. பிரசன்னகுமார் என்கிற இளைஞனின் சின்னக் கம்பெனி அதைச் செய்தது. கழுத்தில் மெல்லிசாக ஒரு பட்டை. அது நாடியையும் நரம்பில் ஓடும் மின்துடிப்பையும் படித்து, சில குறிகளாகப் பிரிக்கும். பசி ஒரு குறி, எரிச்சல் ஒரு குறி, இப்படி. ஒவ்வொரு குறிக்கும் எழுதிவைத்த வசனத்தைச் சுவரில் மாட்டிய குட்டி ஒலிபெருக்கி பேசும்.

"நம்ம மெஷினுக்குத் தமிழும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுக்கா" என்று முதல் நாளே சொன்னான் பிரசன்னா. "அதுக்குத் தெரிஞ்சது வெறும் குறிதான். அதுக்கு உசுரு குடுக்கறது நீங்க."

ஒன்பதாம் குறிக்கு அவன் கொடுத்த விளக்கம் இவ்வளவுதான்: பயமில்லை, பசியில்லை, தொட்டாலும் திமிறவில்லை, மூச்சு மெதுவாகப் போகிறது, ஆழ்ந்த அமைதி. "குடும்பமே உக்காந்து கேக்கற மாதிரி ஒண்ணு வேணும்க்கா" என்றான். செங்கமலம் யோசிக்கக்கூட இல்லை. 'மனசு குளிர்ந்திருக்கு' என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஒரு வசனம் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள், வேலை போனவர்கள், பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருப்பவர்கள், எல்லோருக்கும் சுவரிலிருந்து ஒரு குரல் அப்படிச் சொன்னால் போதுமாயிருந்தது. செங்கமலத்துக்கும் பெருமைதான். மாமியார்கள் வாயில் அத்தனை வருடம் விஷத்தை ஊற்றியதற்கு இது பரிகாரம் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது கே.கே. நகரிலிருந்து வள்ளிமயில் என்ற அம்மாள் கம்பெனிக்குப் பேசினாள். அவளுடைய இகுவானாவின் பெயர் அழகு. பங்குனியிலிருந்து அழகு வேறு பேச்சே பேசுவதில்லையாம். காலையில், மத்தியானம், ராத்திரி, எப்போதும் மனசு குளிர்ந்திருக்காம். "அந்த வார்த்தையக் கேட்டுத்தான் நான் நடமாடிக்கிட்டிருக்கேன்" என்றாள். பிரசன்னா துள்ளிக் குதித்தான். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? போய் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள் என்று செங்கமலத்தையே அனுப்பிவைத்தான்.

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வெளியே தார் உருகுகிறது, உள்ளே ஊட்டி. கூடத்தின் மூலையில், சித்திரை மாதத்து மதுரையில், மங்கிக்குல்லாவும் கம்பளிச் சட்டையுமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வள்ளிமயிலின் கணவர் சோலைமலை. டயர் கடை வைத்திருப்பவர்.

"வாங்க தங்கச்சி, உள்ளுக்க வாங்க" என்ற வள்ளிமயில், சட்டென்று கண்ணாடிக் கூண்டின் பக்கம் திரும்பினாள். "அழகு, ஒங்க அப்பாகிட்டச் சொல்லு. வந்தவுகளுக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லு."

சோலைமலை எழுந்து நாற்காலியைப் போட்டார். அவரும் கூண்டைப் பார்த்துத்தான் பேசினார். "போட்டாச்சுன்னு சொல்லு அழகு. அப்படியே, அந்த ஏசியைக் கொஞ்சம் கொறைக்க முடியுமான்னும் கேளு."

"முடியாதுன்னு சொல்லு."

செங்கமலத்துக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. சண்டையின் வேர் அந்த ஏசியில்தான் இருந்தது. வள்ளிமயிலுக்கு மாதவிடாய் நிற்கிற வயது. நினைத்தாற்போல உடம்பு தீயாய்க் காந்தும், வியர்த்துக் கொட்டும். சோலைமலைக்கோ சைனஸ், குளிர் பட்டால் தலை வெடிக்கும். நீ கூட்டு, நான் குறை என்று தொடங்கி, ஒருநாள் அவர் "வேணும்னே செய்யிற" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது தாங்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அழகிடம் சொன்னார்கள். பிள்ளை இல்லாத வீடு. நடுவில் நின்று கேட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"யாரு பக்கம் நியாயம்னு அதுவே சொல்லிருச்சு" என்றாள் வள்ளிமயில், கணவருக்குக் கேட்கும்படி. "நான் ஏசிய முழுசா வச்ச நாள்லருந்து அதுக்கு மனசு குளிர்ந்திருக்கு. வாயில்லாச் சீவனுக்குத் தெரியுது."

அதே நேரம் சுவர் இனிமையான குரலில், "மனசு குளிர்ந்திருக்கு" என்றது. தான் எழுதிய வசனத்தைத் தானே கேட்பது செங்கமலத்துக்கு எப்போதும் ஒரு கிறுகிறுப்புத்தான். சிரித்துக்கொண்டே கூண்டுக்குப் பக்கத்தில் போனாள்.

அழகு மரக்கிளையில் இல்லை. கீழே, வெட்டிவேர்ப் பாயின்மேல் தட்டையாகக் கிடந்தது. பச்சையாய் இருக்க வேண்டிய உடம்பு பாசி படிந்த தண்ணீர்த்தொட்டிபோலக் கறுத்திருந்தது. பக்கத்துத் தட்டில் முருங்கைக்கீரை வாடிக் கிடந்தது.

"எடுத்துப் பாருங்களேன். தொட்டா அசையாது, அம்புட்டுச் சமத்து" என்று அவள் கையில் கொடுத்தாள் வள்ளிமயில்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சுரைக்காய் மாதிரி இருந்தது. ஒரு கால் பிடிப்பில்லாமல் தொங்கியது. கண்கள் பாதி மூடியிருந்தன. செங்கமலத்தின் சிரிப்பு நின்றுபோனது.

"எப்பக்கா கடைசியாச் சாப்பிட்டுச்சு?"

"சாப்பாடு கொறஞ்சு போச்சு தங்கச்சி. மனசு நெறஞ்சா வயிறு கேக்காதுல்ல."

"கூண்டுல வெப்ப விளக்கு ஒண்ணு குடுத்திருப்பாங்களே?"

"நாந்தான் அணைச்சுட்டேன். இந்த ஊர் வெக்கை பத்தாதுன்னு விளக்கு வேறயா? சூடு பிடிச்சுக்கும்ல. வெள்ளரிக்கா, தர்ப்பூசணின்னு குளிர்ச்சியாத்தான் குடுத்துப் பாத்தேன்."

அன்பில் ஒரு குறையும் இல்லை. மதுரைக்காரர்களுக்கு உடம்புச் சூடுதான் முதல் எதிரி. கண் எரிச்சலுக்கும் சூடு, வயிற்று வலிக்கும் சூடு, பெண் வீட்டார் பதில் சொல்லாவிட்டாலும் சூடு. தான் பெற்ற பிள்ளையாக இருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

செங்கமலம் வீடியோ எடுக்கவில்லை. கோரிப்பாளையத்தில் பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜுனைதாவைக் கூப்பிட்டு, போன் திரையில் அழகைக் காட்டினாள். தொட்டுப் பார்க்கச் சொன்னார், தாடையை அழுத்தச் சொன்னார், காலைக் கிள்ளச் சொன்னார். பிறகு, "இது நல்லா இருக்குன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"சுவர் சொல்லுது டாக்டர்" என்றார் சோலைமலை.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நமக்கு அடுப்பு ஒடம்புக்குள்ளயே எரியுது. இதுக்கு அடுப்பு வெளியே இருக்குங்க. சூரியன்தான் அடுப்பு. வெயில்ல காஞ்சாத்தான் தின்னது செரிக்கும், எலும்பு நிக்கும், ரத்தம் ஓடும். குளிர்ல போட்டா ஒவ்வொண்ணா அணைஞ்சுக்கிட்டே வரும். முதல்ல பசி அணையும். அப்புறம் கோபம், அப்புறம் பயம். பயப்படறதுக்கும் ஒடம்புல சூடு வேணுமில்ல? நீங்க அமைதின்னு நெனச்சது அது முடங்கிக் கெடக்கறது. இப்படியே விட்டா ரெண்டு நாள் தாங்காது."

செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் ஆகாதது எல்லாம் சுடும். வயிறு எரியும், மனம் கொதிக்கும், வார்த்தை சுடும், தலைக்குச் சூடேறும். நல்லது எல்லாம் குளிரும். கண் குளிரும், வயிறு குளிரும், பெற்ற மனம் குளிரும். காலம் காலமாக வெயிலில் வெந்த ஜனங்களின் பாஷை அது. வெயிலைத் தேடித் தேடி உயிர் வாழும் ஒரு பிராணியின் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அது விறைத்துச் சாகும் ஒவ்வொரு நாளும், மனசு குளிர்ந்திருக்கு என்று அவளே அதற்காகச் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, அந்த வசனம் நான் எழுதுனது" என்றாள். "அது அப்படிச் சொல்லல. ஒடம்பு அணையற நெலைக்கு நான் வச்ச பேரு அது. தப்பா வச்சுட்டேன்."

வள்ளிமயில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப, இத்தன நாளா என்கிட்டப் பேசிக்கிட்டிருந்தது நீங்களா?"

மூன்று பக்கம் எழுதும் கைக்காரி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏசியை அணைத்தது வள்ளிமயில்தான். அணைத்த கையோடு ஜன்னல்களையும் திறந்தாள். சித்திரைக் காற்று அனலாக உள்ளே வந்தது, அவள் முகமெல்லாம் வியர்த்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. டாக்டர் சொல்லச் சொல்லச் செய்தார்கள். எடுத்த எடுப்பில் சுடு வெயிலில் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்ற வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை நனைக்க வேண்டும், உடம்பு சூடாகும் வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் மாடிக்குக் கொண்டுபோகலாம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெயிலின் சத்து இறங்காது, வெட்டவெளிதான் வேண்டும்.

சோலைமலை குல்லாவைக் கழற்றி எறிந்தார். கம்பளிச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்து, ஈரம் துடைத்த அழகை நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். காலரில் அதன் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலைக்கு நேர் எதிரே, சுவர் மறுபடியும் மனசு குளிர்ந்திருக்கு என்றது. இனிமையாகத்தான் சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

செங்கமலம் வாசலுக்கு வந்து பிரசன்னாவைக் கூப்பிட்டாள். ஒன்பதாம் குறியின் வசனத்தை எல்லா வீட்டிலும் இப்போதே மாற்ற வேண்டும் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"நாளைக்குள்ள எத்தன சாகுமோ தம்பி."

"நான் இல்லைன்னு சொல்லலக்கா. ஆனா ஏற்கெனவே செத்தது? அந்த வீட்டுக்காரங்க எல்லாம் இதைத்தான் கடைசி வார்த்தைன்னு வச்சுக்கிட்டு இருக்காங்க. திருமங்கலத்துல ஒருத்தர் அதைக் கல்லுல வெட்டி, பொதச்ச எடத்துல நட்டு வச்சிருக்கார். அவர்கிட்டப் போயி, ஐயா அது குளிர்ல வெறச்சுச் செத்துச்சு, நீங்கதான் வெறைக்க வச்சீங்கன்னு சொல்லணுமா? வேண்டாம்க்கா. அந்தக் குறிக்கு மட்டும் பேசாம இருக்கற மாதிரி பண்ணிடலாம். சுவர் சும்மா இருக்கட்டும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

அவன் சொன்னதில் ஈரம் இல்லாமல் இல்லை. கம்பெனியைக் காப்பாற்றும் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கல்லை நினைத்து அவன் குரல் தடுமாறியது நிஜம்.

"சும்மா இருந்தா, விளக்கைப் போடணும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் செங்கமலம். "உங்க அம்மா வீட்டுல ஒண்ணு இருக்குல்ல தம்பி. அது இப்ப என்ன சொல்லிக்கிட்டிருக்கு?"



"அம்மாவுக்கும் ஏசி இல்லாம ஆகாது" என்றான் பிரசன்னா, சின்னப் பையன் குரலில். "போன வாரம்தான் போன்ல சொன்னாங்க, நாள் முழுக்க மனசு குளிர்ந்திருக்குங்குதுடான்னு. மாத்துங்கக்கா. இப்பவே மாத்துங்க. நான் அம்மாவுக்குப் போன் போடறேன்."

அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுத அவளுக்குப் பழக்கம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து போனில் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். பிறகு எல்லா வீட்டு ஒலிபெருக்கிக்கும் அனுப்பினாள். உள்ளே சுவர் அதே இனிமையான குரலில் பேசியது:

"குளிருது. செத்துருவேன். வெயிலுக்குத் தூக்கிட்டுப் போங்க."

அந்த நேரத்தில் எத்தனை வீட்டுச் சுவர்கள் அதைச் சொல்லியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். வள்ளிமயில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது அது சொல்றதா, நீங்க சொல்றதா?"

"இதுவும் நான் எழுதுனதுதான்க்கா. ஆனா இது உண்மை."

வெயில் தாழ்ந்ததும் மாடிப்படியில் சோலைமலை முன்னால் ஏறினார். சட்டைக்குள் இருந்த அழகின் பாரத்தால் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் ஒரு படியில் தடுமாறினார். "பாத்துங்க" என்றாள் பின்னால் வந்த வள்ளிமயில். அவர் நின்று, திரும்பி, அவளைப் பார்த்தார். "நீ இந்த வெக்கையில மேல வரணுமா? ஒனக்கு ஆகாதே" என்றார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஆள் வைக்காமல் அவர்கள் பேசியது பங்குனிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த நாட்கள் செங்கமலத்துக்கு நல்ல நாட்களாக இல்லை. வந்த எல்லா அழைப்புகளையும் அவளே எடுத்தாள். தப்பித்த இகுவானாக்களின் வீட்டார் நன்றி சொன்னார்கள். இழந்தவர்கள் அழுதார்கள், ஏசினார்கள். திருமங்கலத்துக்காரர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டார். அவருக்குப் பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் அவளுக்குத் தோன்றுவது உண்டு. பட்டை வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். பிரசன்னா ஆபீசைச் சின்ன அறைக்கு மாற்றினான். அவன் அம்மாவின் இகுவானா பிழைக்கவில்லை.

அழகு பிழைத்தது. ஆனி பிறந்து ஒருநாள் செங்கமலம் அதைப் பார்க்கப் போனாள். கீழே ஒரு அறைக்கு மட்டும் ஏசி, அது வள்ளிமயிலுக்கு. மாடியில் கம்பிவலை அடித்து ஒரு பெரிய கூண்டு, உள்ளே வேப்பங்கிளை, ஓரத்தில் நிழல், மழை நாளுக்கு ஒரு விளக்கு. கிளையின் உச்சியில் அழகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஆற்றில் இறங்கும் அழகரின் பட்டுப்போல அப்படி ஒரு பச்சை. ஒலிபெருக்கியை மாடிச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள்.

வள்ளிமயில் கூண்டுக்குப் பக்கத்தில் போனதும் அது தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டி, தாடைத் தோலை விரித்தது. சுவர் சொன்னது: "பயமா இருக்கு. கிட்ட வராதீங்க."

பயத்தின் குறிக்குச் செங்கமலம் எழுதியது. ஊர்வனதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று அவசரத்தில் எழுதிய வசனம். குளிரில் கிடந்த இகுவானாக்கள் எதுவும் பயப்படாததால், அநேக வீடுகளில் அது ஒலித்ததே இல்லை. இத்தனை செய்த மனுஷிக்கு இதுவா கிடைக்க வேண்டும்?

"அக்கா, அதை வேணா நான் கொஞ்சம் தன்மையா மாத்திடட்டுமா?"

"மாத்திராதீங்க" என்றாள் வள்ளிமயில் உடனே. "போன வாரம் மூடாக்குப் போட்டு வெயிலே இல்ல. மேல வந்து பாத்தா, கிட்ட போறேன், பயம்னும் சொல்லல, குளிருதுன்னும் சொல்லல. தொடுறேன், பேசாம இருக்கு. எனக்கு உசுரே போயிருச்சு தங்கச்சி."

"விளக்கைப் போட்டுட்டு ரெண்டு பேரும் இங்கனயே உக்காந்திருந்தோம்" என்றார் சோலைமலை. "சாயங்காலமாத்தான் சொல்லுச்சு, பயமா இருக்குன்னு. இவ அழுதுட்டா."

"இவுக மட்டும் என்னவாம்?"

அவள் இரண்டு செம்பருத்திப் பூவை எடுத்துக்கொண்டு மறுபடி கூண்டை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு அடியாக, காதைத் தீட்டிக்கொண்டு. கதவுக்குச் சற்று இப்பால் வரும்போது சுவர் கண்டிப்பாகச் சொன்னது: "பயமா இருக்கு. கிட்ட வராதீங்க."

"அப்பாடா" என்றார் சோலைமலை.

"வரலடா ராசா, வரல" என்று வள்ளிமயில் பூவை அங்கேயே வலையிடுக்கில் செருகிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பின்னால் நகர்ந்தாள்.